கைராசிக்காரர் ஏறிய பஸ்

திருநெல்வேலிக்கு நிற்காமல் போகிற பஸ் பாதி சீட் காலியாகக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிப் போனதைத் தங்கப்பழம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கண்டக்டர் படியில் நின்றபடி, "வாங்க அண்ணாச்சி, ஏறுங்க, இடம் கெடக்கு" என்று கூப்பிடவும் செய்தான். இவர் கையிலிருந்த டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினார். கிளாஸில் ஒரு வாய் டீ கூட இல்லை. முப்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தின மனுஷன், ஒரு நாளும் பஸ்ஸை விட்டவர் இல்லை, அரை மணி முன்னாலேயே போய் நின்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர். இன்றைக்கு விட்டார். விட்டுவிட்டு, அப்புறம் வந்த, ஊர் ஊராக நின்று போகிற வண்டியில் ஏறி, வெயில் அடிக்காத பக்கம் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாம் ஒன்றும் வேணுமென்று செய்யவில்லை, டீ ரொம்பச் சூடு, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிக்கொண்டார். பாளையங்கோட்டையில் மகள் ஜெயகனி இன்றைக்கு இட்லி மாவுக்கடை திறக்கிறாள். முதல் போணி அப்பா கையால்தான் ஆகவேண்டும் என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். அதற்குள் இவர் போய் ஒரு கிலோ மாவு வாங்கி, துட்டை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளை கூடச் செய்துவிடும். அந்த வேலைக்குப் போவதற்குத்தான் இந்த மனுஷன் விடிந்ததிலிருந்து சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கை மடியில், பையின் மேல், தன் பாட்டுக்குக் கிடந்தது. வலது கை. அதைப் பார்த்தார். மோதிர விரலில் மோதிரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்துப்போய் இருந்தது. மோதிரம் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது, தடம் போகமாட்டேன் என்கிறது. இந்தக் கைக்குக் கோவில்பட்டியில் ஒரு காலத்தில் இருந்த மவுசைச் சொன்னால் இப்போது எவன் நம்புவான். எல்லாம் ஒரு துண்டில் ஆரம்பித்தது. சண்முகக்கனி ஜவுளிக்கடை திறந்த அன்றைக்கு, முதல் போணிக்கு வரவேண்டிய பெரிய மனுஷருக்கு வயிற்றுப்போக்கு. நல்ல நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. சைக்கிளில் அந்த வழியாகப் போன இவரை மறித்து, அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணு வாங்குங்க என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு ஈரிழைத் துண்டு வாங்கினார். பேரம் பேசவில்லை. போணி வியாபாரத்தில் பேரமும் கூடாது, கடனும் கூடாது, அது கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அந்தக் கடை மூன்று வருஷத்தில் மூன்று மாடி ஆயிற்று. பிடித்தது சனி. செருப்புக்கடையா, கூப்பிடு தங்கப்பழத்தை. மருந்துக்கடையா, கூப்பிடு. மிக்ஸி ரிப்பேர் கடை திறந்தவன்கூட, ஒரு வாஷராவது வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி என்று கையைப் பிடித்துக்கொண்டான். வீடு பூராவும் போணிச் சாமான். யார் காலுக்கும் சேராத செருப்பு, யாருக்கும் வராத வியாதிக்குத் தைலம். ஊரெல்லாம் நல்லா இருக்கு, நம்ம வீடுதான் குப்பைமேடாப் போச்சு என்று வீட்டுக்காரி கனகமணி சொல்லுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள், அப்போது வீட்டில் சிரிப்பதற்கு வசதி இருந்தது. துண்டு வாங்கின அந்த வாரம் மில்லில் போனஸ் போட்டிருந்தான், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த வாரத்தில் ஒரு குருடன் வந்து போணி பண்ணியிருந்தாலும் கடை ஓடியிருக்கும். இது தங்கப்பழத்துக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எதிரே நின்று கும்பிடுகிறவனிடம், கையை இறக்கப்பா என்று யார்தான் சொல்லுவார்கள்.

நாலாட்டின்புத்தூரில் பஸ் நின்றது. பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத்துணிக்குள்ளிருந்து பிச்சிப்பூ வாசம் வந்தது. கல்யாண வீட்டு வாசம். திருப்பூரில் ஒரு கல்யாண வீட்டில்தான் ஞானதுரையைப் பார்த்தது. வேண்டாம், அவனை இப்போது நினைக்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கரிசல் காடு, உடைமரம், எவனோ பிளாட் போட்டு நட்டுவைத்த கல். ஞானதுரை வந்தே தீர்ந்தான். போட்டோ ஸ்டூடியோ வைத்தவன். அவன் கடைக்கு இவர் ஒரு பிலிம் ரோல் வாங்கினார், அது இன்னும் பீரோவில் படம் எடுக்காமல் இருக்கிறது. வாங்கி இரண்டு வருஷம் இருக்காது, அவனவன் போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஞானதுரை கடையைப் பூட்டி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூர் போனான். அந்தக் கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னான். உங்க கையில ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி, எல்லாம் என் நேரம். அவன் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும். அன்றைக்குத்தான் இவர் உட்கார்ந்து யோசித்தார், இதுவரை எத்தனை கடை திறந்தோம், அதில் எத்தனை இருக்கிறது என்று. யோசிக்க யோசிக்கப் பூட்டின கடையாகவே வந்தது. கெட்டுப்போனவன் எவனும் ஊரில் இருப்பதில்லை. திருப்பூர், மெட்ராஸ், பம்பாய் என்று போய்விடுகிறான். ஊரில் இருக்கிறவன் பூராவும் பிழைத்தவன். அவன்தான் தினமும் எதிரே வந்து கும்பிடுகிறான். அப்படித்தான் ஒரு கைக்கு ராசி வருகிறது.

அப்படியானால் நம் கடைக்கு முதல் போணி யார்? இந்தக் கேள்வி நேற்று ராத்திரி வந்தது, இப்போது பஸ்ஸுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம் பாத்திரக்கடை, தங்கப்பழம் மெட்டல் ஸ்டோர், திறந்த அன்றைக்கு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினது ஞாபகம் இருக்கிறது. கனகமணி கட்டியிருந்த அரக்குப் புடவை ஞாபகம் இருக்கிறது. ரேடியோ செட்காரன் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டது கூட ஞாபகம் இருக்கிறது. முதலில் வாங்கினது யார்? ஒரு ஆணா, பெண்ணா, குடமா, தட்டா? வரவில்லை. யாரோ ஒருத்தர் கை. அந்தக் கையால்தான் முப்பது வருஷம் ஓடினது. அந்தக் கையால்தான் நின்றும் போச்சு. இல்லை, கையும் கிடையாது காலும் கிடையாது. மில் ஓடினவரைக்கும் கடை ஓடினது. மில்காரன் வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு, எல்லாத்துக்கும் இவர் கடைச் சாமான்தான், சம்பளத் தேதிக்குத் துட்டு வந்துவிடும். ஒருநாள் காலையில் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினான். நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தவன் எவனும் பாத்திரம் வாங்கவில்லை. பித்தளைக் குடத்தை விற்க வந்தார்கள். தான் விற்ற குடத்தையே தானே எடைபோட்டு வாங்கும்படி ஆகிவிட்டது. அதற்கு அப்புறம் என்ன வியாபாரம் வேண்டிக்கிடக்கிறது. தங்கப்பழம் குடித்தவர் இல்லை, சீட்டு விளையாடினவர் இல்லை, ஒரு பைசா வீண் செலவு பண்ணினவர் இல்லை. இன்ஸ்பெக்டர் மாதிரி நின்று லைட்டை அணைத்தவர். பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த சுயம்புலிங்கமோ, கையில் எட்டணா இருந்தால் பத்தணாவுக்குச் செலவு பண்ணுகிற ஆள். அவனுக்கு ஒருத்தன் டீக்கடனை அடைக்கமுடியாமல், கடனும் போய் மேற்கொண்டு கொஞ்சம் துட்டுக்கும் சேர்த்து ஊருக்கு வெளியே ஒரு முள்ளுக்காட்டை எழுதிக் கொடுத்தான். அதே காட்டை அந்த விற்றவன் முதலில் இவரிடம்தான் கொண்டுவந்தான். ஆடு கூட மேயாதேப்பா என்று இவர் திருப்பி அனுப்பினார், அதுதானே புத்திசாலித்தனம். நாலுவழிச் சாலை அந்த முள்ளுக்காட்டு வழியாகத்தான் வந்தது. இப்போது இந்த பஸ் போகிற ரோடு. சுயம்பு இப்போது காரில் போகிறான், பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறான், நல்லவன். அவன்மேல் இவருக்குக் கோபம் இல்லை. அவன் என்ன பண்ணுவான், ரோடு வந்தது. இவர் என்ன பண்ணுவார், மில் போனது. இதில் இவர் கெட்டிக்காரத்தனத்துக்கும் அவன் ஊதாரித்தனத்துக்கும் எங்கே இடம் இருந்தது என்று தேடிப் பார்த்தால், ஒரு இடமும் அகப்படவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெயகனி. எடுக்காமல் இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்தார்.

"யப்பா, எங்க வாரீய?"

"கயத்தாறு தாண்டியாச்சு தாயி" என்றார். பஸ் இன்னும் கயத்தாற்றுக்குள்ளேயே நுழையவில்லை.

"சரிப்பா. மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் குரலுக்குப் பின்னால் சத்தம். நாலைந்து பேர் பேசுகிற சத்தம், பாத்திரம் இடிபடுகிற சத்தம், "எக்கா, இன்னும் எம்புட்டு நேரம்" என்று ஒரு பெண்பிள்ளைக் குரல். போனை வைத்துவிட்டு இவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். கூட்டம். முதல் நாளே கூட்டம். அப்போ எவளாவது ஒருத்தி அவசரப்பட்டுத் துட்டை நீட்டியிருப்பாள், ஜெயகனியும் வாங்கிப் போட்டிருப்பாள். கூட்டம் வந்து நிற்கும்போது யார் அப்பனுக்காகக் காத்திருப்பார்கள். போணி ஆகியிருக்கும். ஆகியிருக்கவேண்டும். யாரோ ஒரு நல்ல கை, பேர் தெரியாத கை, பிள்ளைக்கு இட்லி ஊற்றிக் கொடுக்க அவசரப்பட்ட கை. நாளைக்கு அந்தக் கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் தங்கப்பழத்துக்குப் பங்கு இல்லை. நெஞ்சுக்குள் இருந்த பாரம் சட்டென்று இறங்கின மாதிரி இருந்தது. கயத்தாற்றுக் காற்றாலைகள் வந்தன, ஒன்று சுற்றியது, பக்கத்திலேயே அதே உயரத்தில் ஒன்று சுற்றாமல் நின்றது. பூக்கார அம்மாள் தூங்கி அவர் தோளில் சாய்ந்தாள். இவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடின கண்ணுக்குள் ஜெயகனியின் கழுத்து வந்தது. வெறும் மஞ்சள் கயிறு. போன மாசம் பார்த்தபோது அப்படித்தான் இருந்தாள். சங்கிலி எங்கே தாயி என்று கேட்க வாய் எடுத்து, கேட்காமல், மழை வருமா என்று கேட்டார். அந்தச் சங்கிலி, கடை நன்றாக ஓடின காலத்தில் இவர் போட்டது. அவள் வளையல், அவள் கம்மல், எல்லாம் பேங்கில் போய்ப் படுத்து, கிரைண்டராகவும் அண்டாவாகவும் கடை அட்வான்ஸாகவும் மாறிவிட்டது. மிச்சம் ஒரு குண்டுமணி கிடையாது. மருமகன் செந்தூர்பாண்டி டைல்ஸ் வேலைக்காரர், நல்ல கைவேலை. ஒருநாள் சாரம் சரிந்தது. அவருக்கு மேலே நின்றவன், உயரத்திலிருந்து விழுந்தவன், மணல் குவியலில் விழுந்து தூசியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். கீழே நின்ற மருமகன் படிக்கட்டில் விழுந்து தோள்பட்டை போயிற்று. இப்போது கிரைண்டர் சுவிட்சைப் போடுவார், அரிசியை அலசுவார், தூக்கமுடியாது. இரண்டு அடி தள்ளி மணல். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரண்டு அடியை எந்தக் கை போணி பண்ணினது? இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கடைசித் துணிச்சலில் போய், நான் கைராசிக்காரன் என்று மாவு வாங்கி நின்று, நாளைக்கு அது மூழ்கிப்போனால்? உங்க கையில குத்தமில்லப்பா, எங்க நேரம் என்று அவளும் சொல்லுவாள். ஞானதுரை சொன்னதை மென்று முழுங்கியாச்சு. ஜெயகனி சொன்னால் முழுங்கமுடியாது. அதனால்தான். டீ சூடு ஒன்றும் இல்லை. டீ பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிப்போயிருந்தது. பத்தரை தாண்டிப் போனால் தானாக வேறு யாராவது செய்துவிடுவார்கள் என்றுதான் அந்த பஸ்ஸை விட்டது. சொல்லிவிட்டோம், சரி, இப்போது என்ன. கங்கைகொண்டான் வந்தது, போயிற்று. போணி யார், நம் கடைக்கு முதல் போணி யார். தாழையூத்து வந்தது. வயசானவர்தான் யாரோ. இல்லை, சின்ன வயசு. தாமிரபரணிப் பாலத்தில் பஸ் ஏறினபோது ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. மனசு தெளிந்த மாதிரி இருந்தது. வண்ணார்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சனியன், இந்த வண்டியும் நேரத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டது.

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வாசலில் தோரணம், கோலம், வரிசையாக நின்றவர்கள் மிதித்துக் கலைத்த கோலம். ஆள் ஒருத்தரும் இல்லை. இரண்டு நாள் முன்னாலேயே மகள் வீட்டுக்கு வந்துவிட்ட கனகமணி, ஷட்டருக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்த பஸ்ல வந்தீங்க?"

"கெடைச்ச பஸ்ல."

கனகமணி அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலைத் தள்ளிப் போட்டு வழிவிட்டாள். இவர் குனிந்து உள்ளே போனபோது புளிப்பு வாசம் மூக்கில் ஏறியது. பங்குனி வெயில், தகரக் கூரை. அண்டாவில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு, விளிம்பு வழியாக இறங்கித் தரையில் வந்து நின்றது. செந்தூர்பாண்டி ஒற்றைக் கையால் அதை வழித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்து, "வாங்க மாமா" என்று சிரித்தார். ஜெயகனி முகம் கழுவியிருந்தாள். இப்போதுதான் கழுவியிருப்பாள் போல.

"காலையில நல்ல கூட்டம்ப்பா" என்றாள். "முதல் போணி எங்கப்பா வந்துதான்னு சொல்லிட்டேன். பாவம், ரொம்ப நேரம் நின்னாங்க. பிள்ளைகள பள்ளிக்கூடம் அனுப்பணும்லா, அதான் போயிட்டாங்க. நாளைக்கு வருவாங்க."

"யாருக்குமே குடுக்கலையா?"

"நீங்க வராம எப்படிப்பா?"

தங்கப்பழம் தன் வலது கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கை ஒரு கடையைத் தூக்கிவிட்டதும் இல்லை, கவிழ்த்ததும் இல்லை. அது அவருக்குத் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முதலாக அது ஒரு காரியம் செய்திருக்கிறது. காலி டீ கிளாஸைத் தூக்கிக் காட்டியிருக்கிறது.

"நேரம் போகுதுப்பா" என்றாள் ஜெயகனி. பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தார். ஒரு கிலோ மாவை அவள் கவரில் கட்டிக் கொடுத்தாள். நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ரொம்ப நேரம் கும்பிட்டாள். இவர் அவள் கழுத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடை ரேடியோவில் பத்தரை மணி என்றான்.

"ராகு காலம் வந்துட்டு. மூடிருவோம்ப்பா, இதை இனிமே என்ன பண்ண. சாயங்காலத்துக்குப் புதுசா அரைச்சுக்கிடலாம்" என்றாள் ஜெயகனி. அண்டாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூடாத" என்றார் தங்கப்பழம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலே வரைக்கும் தள்ளினார். வெயில் தடதடவென்று உள்ளே வந்தது. "நம்ம கடை திறந்தமே" என்று திரும்பாமலேயே கனகமணியிடம் கேட்டார். "முதல் போணி யாரு பண்ணினா?"

"அதுகூட மறந்து போச்சா? ஒருத்தனும் வரல, நேரம் போயிட்டு இருக்குன்னு நீங்க கையப் பிசைஞ்சீங்க. நான்தான் ஒரு குழிக்கரண்டி வாங்கினேன். அதுக்கும் துட்டு உங்க சட்டைப்பையில எடுத்துத்தான் குடுத்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நேரம் இல்லை. பால் கேனோடு ஒரு பெண் வாசலைத் தாண்டிப் போனவள், ஷட்டர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க தாயி, மாவு இருக்கு" என்று கூப்பிட்டார் தங்கப்பழம். முப்பது வருஷத்துக் கடைத்தெருக் குரல், அப்படியே வந்தது.

அவள் கிட்டே வந்து முகத்தைச் சுளித்தாள். "வாசமே அடிக்கே. புளிச்சிருக்குமே?"

"நல்லாப் புளிச்சிருக்கு. இட்லிக்கு ஆகாது, ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் இதுதான் வேணும். பாதி வெல குடுங்க போதும். மாவு மேல தப்பில்ல தாயி, எம் பிள்ளை நேரத்துக்கு அரைச்சு வச்சுட்டா. நான்தான் பயந்துக்கிட்டு, வேணும்னே ஒரு பஸ்ஸ விட்டுட்டு லேட்டா வந்தேன்."

பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயகனியின் துணிச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை மாவுக்குள் இறக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, கவரின் வாயை அவருக்கு விரித்துப் பிடித்தாள்.